வெட்டிய தலை, தோண்டிய உடல், சுட்ட தெரு: பிரிட்டனின் ஜனவரி 30

1649 ஜனவரி 30, செவ்வாய்க்கிழமை. தேம்ஸ் ஆற்றில் பனிக்கட்டிகள் மிதக்கும் அளவுக்கு லண்டனில் குளிர். செயின்ட் ஜேம்ஸ் அரண்மனையில் விடியுமுன் எழுந்த மன்னர் முதலாம் சார்லஸ், ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு சட்டை போட்டுக்கொண்டார். குளிரில் உடம்பு நடுங்கினால், சாவுக்குப் பயந்து நடுங்குவதாகப் பார்ப்பவர்கள் நினைத்துவிடக் கூடாது என்றார். பத்து மணிவாக்கில் படைவீரர்கள் புடைசூழ அவரைப் பூங்கா வழியாக ஒயிட்ஹால் அரண்மனைக்கு நடத்தி வந்தார்கள். அங்கே பிற்பகல் வரை காக்க வைத்தார்கள்.

அந்த நேரத்தில் மக்களவை அவசர அவசரமாக ஒரு சட்டம் போட்டுக்கொண்டிருந்தது. அரசர் இறந்த கணமே வாரிசு அரசராகிவிடுவது இங்கிலாந்தின் மரபு. இனி யாரையும் அரசர் என்று அறிவிக்கக் கூடாது என்று முதலில் எழுதி வைக்காவிட்டால், ஒரு சார்லஸ் போன இடத்தில் அவருடைய மகன் இன்னொரு சார்லஸ் வந்து நின்றுவிடுவார்.

இரண்டு மணியளவில் விருந்து மண்டபத்தின் வழியாக சார்லஸ் வெளியே கொண்டுவரப்பட்டார். இனிகோ ஜோன்ஸ் கட்டிய அந்த மண்டபத்தின் கூரையில், தன் தந்தை முதலாம் ஜேம்ஸ் விண்ணுலகம் ஏறுவதாக ஓவியர் ரூபென்ஸைக் கொண்டு வரையச் செய்தவர் சார்லஸ்தான். அந்த ஓவியத்தின் கீழே நடந்து, ஜன்னல் வழியாக, கறுப்புத் துணி போர்த்திய மேடைக்கு வந்தார். வெட்டுக்கட்டை மிகத் தாழ்வாக இருந்தது. அவர் முரண்டு பிடித்தால் கட்டிப்போடுவதற்கு இரும்பு வளையங்களும் கயிறும் தயாராக இருந்தன. அவற்றுக்கு வேலை வரவில்லை.

கூட்டத்தைப் படைவீரர்கள் தொலைவில் தள்ளி நிறுத்தியிருந்ததால், மன்னரின் கடைசிப் பேச்சு மேடையில் இருந்த சிலருக்கு மட்டுமே கேட்டது. மக்களின் சுதந்திரம் என்பது நல்ல ஆட்சியைப் பெறுவதுதான், ஆட்சியில் பங்கு கேட்பது அல்ல என்றார். தான் மக்களின் தியாகி என்றார். பிஷப் ஜக்ஸனிடம் ‘நினைவில் கொள்’ என்று ஒரே ஒரு சொல் சொன்னார். எதை நினைவில் கொள்ளச் சொன்னார் என்பது இன்றுவரை தெளிவாகவில்லை. கைகளை விரித்துச் சைகை காட்டினார். முகமூடி அணிந்தவர் ஒரே வெட்டில் தலையைத் துண்டித்தார். அவர் யார் என்பதும் உறுதியாகத் தெரியாது. கூட்டத்திலிருந்து எழுந்த ஓலத்தை வாழ்நாளில் மறுபடி கேட்க விரும்பவில்லை என்று அங்கே நின்றிருந்த இளைஞர் ஒருவர் பின்னாளில் எழுதினார். சிலர் முண்டியடித்து வந்து மன்னரின் ரத்தத்தில் கைக்குட்டைகளைத் தோய்த்துக்கொண்டார்கள்.

இந்தியாவில் ஜனவரி 30 காந்தி சுடப்பட்ட நாள். பிரிட்டனின் வரலாற்றிலும் அந்தத் தேதி திரும்பத் திரும்ப வருகிறது: 1649, 1661, 1965, 1972. அவற்றுள் ஒன்று மட்டும் திட்டமிட்டுத் தேர்ந்தெடுத்தது, மற்றவை தற்செயல். ஆனால் முதலாவதிலும் கடைசியிலும் எழுந்த கேள்வி ஒன்றே: ஆளும் தரப்பு கொலை செய்தால் அதை விசாரிப்பது யார்?

சட்டப் புத்தகத்தில் இல்லாத வழக்கு

சார்லஸ் 1629 முதல் பதினோரு ஆண்டுகள் நாடாளுமன்றத்தைக் கூட்டாமலேயே ஆண்டார். வரியையும் தன் போக்கில் வசூலித்தார். 1642-இல் உள்நாட்டுப் போர் வெடித்தது. தோற்று, சிறைப்பட்ட பிறகும் ஸ்காட்லாந்தினரோடு ரகசிய ஒப்பந்தம் செய்து 1648-இல் இரண்டாவது போரை மூட்டினார். அதற்குப் பிறகு இவரோடு பேசிப் பயனில்லை என்ற முடிவுக்கு ராணுவம் வந்தது. டிசம்பர் 6 அன்று கர்னல் பிரைட் மக்களவை வாசலில் படையை நிறுத்தி, மன்னரோடு சமரசம் பேச விரும்பிய உறுப்பினர்களை உள்ளே விடாமல் தடுத்தார். எஞ்சியவர்கள் மன்னரை விசாரிக்கத் தனி நீதிமன்றம் அமைத்தார்கள். பிரபுக்கள் அவை ஒப்புதல் தர மறுத்தபோது, மக்கள் தேர்ந்தெடுத்த அவைக்கே உச்ச அதிகாரம் என்று தங்களுக்குத் தாங்களே அறிவித்துக்கொண்டார்கள்.

ஜனவரி 20 அன்று வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தில் விசாரணை தொடங்கியது. நீதிபதிகளாகப் பெயர் குறிக்கப்பட்ட 135 பேரில் பாதிப் பேர்கூட ஒழுங்காக வரவில்லை. தலைமை வகித்த ஜான் பிராட்ஷா, யாராவது தாக்கக்கூடும் என்று அஞ்சி உள்ளே இரும்புத் தகடு வைத்த தொப்பி அணிந்திருந்தார். மன்னர் கேட்டது ஒரே கேள்விதான்: எந்த அதிகாரத்தின்பேரில் என்னை இங்கே கொண்டுவந்தீர்கள்? அரசரை விசாரிக்க இங்கிலாந்தின் எந்தச் சட்டத்திலும் வழி இல்லை. சட்டப்படி பார்த்தால் அவருடைய கேள்வி சரியானதே. குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல அவர் கடைசிவரை மறுத்தார்.

ஆனால் அந்தக் குற்றச்சாட்டில் இருந்த புதுமை பெரிது. அதுவரை தேசத்துரோகம் என்றால் அரசருக்கு எதிரான குற்றம். அரசரே மக்களுக்குத் துரோகம் செய்ய முடியும் என்று இந்த வழக்கு சொன்னது. ஆட்சி என்பது நம்பி ஒப்படைத்த பொறுப்பு. அதை மக்களுக்கு எதிராகப் பயன்படுத்தினால் அரசரும் குற்றவாளியே என்று அரசு வழக்கறிஞர் ஜான் குக் வாதிட்டார். ஒரு வாரத்தில் விசாரணை முடிந்தது. தண்டனை ஆணையில் 59 பேர் கையெழுத்திட்டார்கள். அவற்றில் மூன்றாவது கையெழுத்து ராணுவத் தளபதி ஆலிவர் கிராம்வெல்லுடையது.

[பெட்டிச் செய்தி]
இரண்டு நாட்காட்டிகள்
அன்றைய இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25 அன்றுதான் பிறந்தது. ஆகவே சார்லஸின் மரண தண்டனை ஆணையில் ஆண்டு 1648 என்றே இருக்கிறது. பிற்கால நூல்கள் அதை 1649 என்று மாற்றி எழுதுகின்றன; தேதியை மட்டும் தொடவில்லை. கிரிகோரி நாட்காட்டிக்கு மாறிவிட்டிருந்த பிரான்சிலும் ஸ்பெயினிலும் அதே நாள் பிப்ரவரி 9. இங்கிலாந்து 1752-இல்தான் மாறியது. அந்த ஆண்டு செப்டம்பர் 2-க்கு அடுத்த நாள் செப்டம்பர் 14. ‘இன்றைய வரலாறு’ பட்டியல்களில் பழைய தேதிகள் முன்னுக்குப்பின் முரணாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

வெட்டியதால் தீரவில்லை

மார்ச் 17 அன்று அரசர் பதவி ஒழிக்கப்பட்டது. இரண்டு நாள் கழித்துப் பிரபுக்கள் அவையும் போயிற்று. மே 19 அன்று இங்கிலாந்து குடியரசானது. கிழக்கிந்திய கம்பெனி சென்னையில் புனித ஜார்ஜ் கோட்டையைக் கட்டத் தொடங்கி அப்போது பத்து ஆண்டுகூட நிறையவில்லை. எந்த மன்னரின் பட்டயத்தை நம்பிக் கம்பெனி வியாபாரம் செய்ததோ, அந்த மன்னர் பதவியே இப்போது இல்லை.

ஆனால் உயிரோடு இருந்தபோது பெற முடியாத அன்பைச் சார்லஸ் இறந்த பிறகு பெற்றார். அவருடைய தியானங்களும் பிரார்த்தனைகளும் என்ற பெயரில் ‘ஐகான் பாசிலிகே’ என்ற நூல் அவர் இறந்த சில நாட்களிலேயே வெளியாகி, ஓராண்டுக்குள் முப்பதுக்கும் மேற்பட்ட பதிப்புகள் கண்டது. அதற்கு மறுப்பு எழுதக் குடியரசு கவிஞர் மில்டனை நியமித்தது. மில்டனின் வாதம் வலுவாக இருந்தும் நூல் எடுபடவில்லை. மண்டியிட்டுப் பிரார்த்திக்கும் மன்னரின் படம் ஜனங்களின் மனதில் பதிந்துவிட்டது.

மிகக் கொடிய விளைவு கடல் கடந்து அயர்லாந்தில் விழுந்தது. மன்னர் பிரச்சினை முடிந்த கையோடு, 1649 ஆகஸ்டில் கிராம்வெல் படையோடு அங்கே இறங்கினார். செப்டம்பரில் டிராகடா நகரத்தில் சரணடைந்தவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோரை அவருடைய படை கொன்றது. தொடர்ந்து நிலப்பறிப்பு நடந்தது. 1641-இல் அயர்லாந்து நிலத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் கத்தோலிக்கர் கையில் இருந்தது. அரை நூற்றாண்டுக்குள் அது 20 சதவீத அளவுக்குச் சுருங்கியது. வட அயர்லாந்தில் 1972 ஜனவரி 30 அன்று நடந்ததற்கு வேர் தேடுபவர்கள் இந்தக் காலம்வரை போகாமல் இருக்க முடியாது.

செத்தவர்களுக்குத் தூக்கு

குடியரசின் ஆட்சித் தலைவராகியிருந்த கிராம்வெல் 1658-இல் இறந்தார். இரண்டு ஆண்டுகளில் குடியரசு சரிந்தது. 1660-இல் வெட்டுண்ட மன்னரின் மகன் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறினார். பெரும்பாலோருக்குப் பொதுமன்னிப்புக் கிடைத்தது. தந்தையின் சாவுக்கு நேரடிப் பொறுப்பானவர்களுக்கு மட்டும் மன்னிப்பு இல்லை. அந்த அக்டோபரில் பத்துப் பேர் குரூரமாகக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் ஜான் குக்கும் ஒருவர்.

முக்கியக் குற்றவாளிகளோ ஏற்கெனவே செத்துப்போயிருந்தார்கள். வெஸ்ட்மின்ஸ்டர் தேவாலயத்தில் ராஜமரியாதையோடு புதைத்திருந்த கிராம்வெல், அவருடைய மருமகன் அயர்ட்டன், நீதிபதி பிராட்ஷா ஆகிய மூவரின் உடல்களையும் தோண்டி எடுக்க நாடாளுமன்றம் உத்தரவிட்டது. நிறைவேற்றும் தேதியாக 1661 ஜனவரி 30 குறிக்கப்பட்டது. மன்னர் இறந்து சரியாகப் பன்னிரண்டு ஆண்டு. உடல்களை டைபர்ன் தூக்குமேடையில் தொங்கவிட்டு, மாலையில் இறக்கித் தலைகளை வெட்டினார்கள். தலைகளைக் கழிகளில் குத்தி, மன்னரை விசாரித்த அதே வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபத்தின் கூரைமேல் நட்டார்கள். கிராம்வெல்லின் தலை இருபது ஆண்டுகளுக்கு மேல் மழையிலும் வெயிலிலும் அங்கேயே இருந்தது. புயலில் கீழே விழுந்து, கைமாறிக் கைமாறி, காட்சிப்பொருளாகிக் கடைசியில் 1960-இல் கேம்பிரிட்ஜில் அவர் படித்த சிட்னி சசெக்ஸ் கல்லூரி வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

ஜனவரி 30-ஐ நோன்பு நாளாகவும் அறிவித்தார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் பிரார்த்தனை நூலில் அதற்கெனத் தனி வழிபாடு சேர்ந்தது. அரசருக்குக் கீழ்ப்படிவதே கடமை என்ற பிரசங்கம் இருநூறு ஆண்டுகள் ஊர்தோறும் ஒலித்தது. 1859-இல்தான் அந்த வழிபாடு நீக்கப்பட்டது. ஆயினும் 1649-இன் பாடம் வீண்போகவில்லை. சார்லஸின் இன்னொரு மகன் இரண்டாம் ஜேம்ஸ் 1688-இல் நாடாளுமன்றத்தோடு மோதியபோது, கோடரி மேடை வரை போகாமல் நாட்டைவிட்டு ஓடினார். அடுத்த ஆண்டு வந்த உரிமைச் சட்டம், நாடாளுமன்ற ஒப்புதல் இல்லாமல் வரி வசூலிக்கவோ, அமைதிக்காலத்தில் படை வைத்திருக்கவோ அரசருக்கு அதிகாரம் இல்லை என்று எழுதிவைத்தது. சார்லஸ் தலையைக் கொடுத்தும் விட்டுக்கொடுக்காத விஷயங்கள் நாற்பது ஆண்டுகளில் சட்டமாகின.

[பெட்டிச் செய்தி]
அதே தேதியில் மேலும் சில
1606: நாடாளுமன்றத்தை வெடிவைத்துத் தகர்க்கச் சதி செய்த நால்வருக்கு செயின்ட் பால் தேவாலய வளாகத்தில் மரண தண்டனை. கை ஃபாக்ஸ் உள்ளிட்ட மற்ற நால்வருக்கு மறுநாள்.
1607: பிரிஸ்டல் கால்வாய்க் கரைகளில் கடல் புகுந்தது. சுமார் 2,000 பேர் இறந்ததாக மதிப்பீடு. அன்றைய கணக்கில் அது ஜனவரி 20. இன்றைய நாட்காட்டிக்கு மாற்றியதால் இந்தப் பட்டியலில் இடம்பெறுகிறது.
1902: லண்டனில் பிரிட்டனும் ஜப்பானும் ராணுவ உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. ஐரோப்பாவில் யாரோடும் சேராமல் இருந்த பிரிட்டன் கிழக்கே கூட்டாளி தேடியது. அந்தத் துணிவில் ஜப்பான் 1904-இல் ரஷ்யாவோடு போருக்குப் போனது. 1920-களில் உடன்படிக்கை முடிவுக்கு வந்தது. 1942-இல் பிரிட்டனிடமிருந்து சிங்கப்பூரைப் பறித்தது அதே ஜப்பான்தான்.
1969: லண்டன் சாவில் ரோவில் தங்கள் நிறுவனக் கட்டடத்தின் மொட்டைமாடியில் பீட்டில்ஸ் குழு முன்னறிவிப்பின்றி 42 நிமிடம் வாசித்தது. இரைச்சல் புகாரில் போலீஸ் மாடியேறியது. அந்தக் குழு பொதுவெளியில் சேர்ந்து இசைத்தது அதுவே கடைசி.

கிரேன்கள் தலைகுனிந்த நாள்

1965 ஜனவரி 24 அன்று 90 வயதில் வின்ஸ்டன் சர்ச்சில் இறந்தார். உடல் வைக்கப்பட்ட இடம் மறுபடி வெஸ்ட்மின்ஸ்டர் மண்டபம். மூன்று நாட்களில் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டோர் கடுங்குளிரில் வரிசையில் நின்று அஞ்சலி செலுத்தினார்கள். ஜனவரி 30, சனிக்கிழமை, அரசு மரியாதையோடு இறுதி ஊர்வலம் நடந்தது. அரச குடும்பத்தவரல்லாதவரின் இறுதிச்சடங்கில் மன்னர் கலந்துகொள்வதில்லை என்ற வழக்கத்தை விட்டு, அரசி எலிசபெத் செயின்ட் பால் தேவாலயத்துக்கு வந்தார். அதிலும் சர்ச்சில் குடும்பத்தினருக்கு முன்னதாகவே வந்து காத்திருந்தார். சவப்பெட்டி படகில் தேம்ஸ் ஆற்றில் சென்றபோது, கரையோரக் கிடங்குகளின் கிரேன்கள் ஒவ்வொன்றாகக் கழுத்தைத் தாழ்த்தின. பிறகு வாட்டர்லூ நிலையத்திலிருந்து, அவர் பெயரையே தாங்கிய நீராவி எஞ்சின் இழுத்த ரயிலில் ஆக்ஸ்போர்டுஷயர் போய், பிளேடன் கிராமத்தில் அடக்கம் நடந்தது.

ஹிட்லருக்கு எதிராகத் தனித்து நின்ற 1940-க்குப் பிரிட்டன் செலுத்திய நன்றி அது, அதில் பொய்யில்லை. ஆனால் அவர் பிரதமராக இருந்த 1943-இல் வங்காளப் பஞ்சத்தில் சுமார் 30 லட்சம் பேர் மாண்டார்கள். உணவுக் கப்பல்களைத் திருப்பிவிடுமாறு இந்தியாவிலிருந்து போன கோரிக்கைகளுக்கு அவருடைய அமைச்சரவை முழுமையாகச் செவிசாய்க்கவில்லை. அந்தக் கணக்கு அன்றைய இரங்கல் உரைகளில் இடம்பெறவில்லை.

பத்து நிமிடம், பதினான்கு உயிர்

1972 ஜனவரி 30, ஞாயிற்றுக்கிழமை. வட அயர்லாந்தின் டெர்ரி நகரம். பூசை முடித்து, ஞாயிற்றுக்கிழமை உடுப்போடு, பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கிரெகன் மேட்டிலிருந்து நகரமன்றக் கட்டடத்தை நோக்கி ஊர்வலமாகக் கிளம்பினார்கள். முந்தைய ஆகஸ்டில் தொடங்கிய விசாரணையற்ற சிறைவைப்பை எதிர்த்து சிவில் உரிமைச் சங்கம் கூட்டிய ஊர்வலம் அது. அரசு ஊர்வலங்களுக்குத் தடை போட்டிருந்தது. டெர்ரியில் கத்தோலிக்கர்களே பெரும்பான்மை. ஆனாலும் வார்டுகளை வகிர்ந்த விதத்தால் பல பத்தாண்டுகளாக நகராட்சி, பிரிட்டனோடு இணைந்திருக்க விரும்பிய சிறுபான்மை யூனியனிஸ்டுகளின் கையில் இருந்தது. வேலை, வீடு எல்லாவற்றிலும் அதே கதை. அதற்கு எழுந்த எதிர்ப்பு கலவரமாக மாற, 1969-இல் நிலைமையை அடக்க பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் இறங்கியது.

நகரமன்றத்துக்குப் போகும் வழியை ராணுவம் மறித்திருந்தது. ஊர்வலத்தில் பெரும்பகுதி பாக்சைடு பகுதிக்குள் திரும்பியது. இளைஞர்கள் சிலர் தடுப்பருகே நின்று கல்லெறிந்தார்கள். தண்ணீர்ப் பீரங்கி, கண்ணீர்ப்புகை, ரப்பர் குண்டு என்று அந்த ஊருக்குப் பழகிப்போன காட்சியாகத்தான் அதுவரை இருந்தது. நான்கு மணி தாண்டியதும் பாராசூட் படைப்பிரிவின் முதலாம் பட்டாலியன் கவச வண்டிகளில் ராஸ்வில் தெருவுக்குள் பாய்ந்தது. மக்கள் ஓடினார்கள். படைவீரர்கள் இறங்கிச் சுட்டார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகள்.

முதலில் கொல்லப்பட்டவன் ஓடிக்கொண்டிருந்த 17 வயதுச் சிறுவன். அவனை நான்கைந்து பேர் தூக்கிக்கொண்டு வர, எட்வர்ட் டேலி என்ற பாதிரியார் ரத்தக்கறை படிந்த வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டியபடி, குனிந்து முன்னால் வழி கேட்டுப் போகும் காட்சி படம்பிடிக்கப்பட்டது. அடிபட்டுக் கிடந்தவருக்கு உதவ வெள்ளைத் துணியை அசைத்துக்கொண்டு போன இன்னொருவர் தலையில் குண்டு பாய்ந்து இறந்தார். பத்து நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்தது. அன்று 13 பேர் இறந்தார்கள். காயமடைந்த ஒருவர் ஜூன் மாதம் இறந்தார். கொல்லப்பட்டவர்களில் ஆறு பேருக்கு வயது 17. ராணுவத்தரப்பில் எவர்மேலும் துப்பாக்கிக் குண்டு படவில்லை.

பதினோரு வாரத்தில் ஒரு பொய்

மறுநாளே பிரதமர் எட்வர்ட் ஹீத் தலைமை நீதிபதி விட்ஜரியை அழைத்தார். நடப்பது ராணுவப் போர் மட்டுமல்ல, பிரசாரப் போரும்தான் என்பதை நினைவில் வைக்கும்படி அவரிடம் ஹீத் சொன்னது, 1990-களில் கிடைத்த அரசுக் குறிப்பு ஒன்றில் பதிவாகியிருந்தது. பதினோரு வாரத்தில், நாற்பது பக்கம்கூட இல்லாத அறிக்கை வந்தது. தங்கள்மேல் முதலில் சுட்டார்கள் என்ற படைவீரர்களின் வாக்குமூலத்தை விட்ஜரி ஏற்றார். சிலர் சுட்டது அஜாக்கிரதைக்கு நெருக்கமாக இருந்தது என்பதே அவர் வைத்த அதிகபட்சக் குறை. இறந்தவர்கள்மேல் ஆயுதம் வைத்திருந்ததாகச் சந்தேகம் ஒட்டிக்கொண்டது. குடும்பங்களுக்கு அது இரண்டாவது சாவு.

துப்பாக்கிச் சூடும் அறிக்கையும் சேர்ந்து செய்த சேதம் அளவிட முடியாதது. அமைதி வழியில் உரிமை கேட்கும் இயக்கம் முடங்கியது. ஆயுதம் ஏந்திப் போராடிய ஐஆர்ஏ-வில் சேர இளைஞர்கள் வரிசையில் நின்றார்கள். பிப்ரவரி 2 அன்று டப்ளினில் பிரிட்டிஷ் தூதரகம் எரிக்கப்பட்டது. அதே மாதம் இங்கிலாந்தின் ஆல்டர்ஷாட் நகரில் பாராசூட் படைத் தலைமையகத்தில் ஐஆர்ஏ-வின் ஒரு பிரிவு வைத்த குண்டு ஏழு பேரைக் கொன்றது. இறந்தவர்கள் துப்புரவுப் பணிப்பெண்கள் ஐந்து பேர், ஒரு தோட்டக்காரர், ஒரு கத்தோலிக்கப் பாதிரியார். மார்ச்சில் வட அயர்லாந்தின் சட்டமன்றத்தை முடக்கி லண்டன் நேரடி ஆட்சியை எடுத்துக்கொண்டது. அந்த ஓராண்டில் மட்டும் ஏறக்குறைய 480 பேர் மடிந்தார்கள். முப்பதாண்டு மோதலின் மிக மோசமான ஆண்டு அதுதான்.

38 ஆண்டு காத்திருப்பு

குடும்பங்கள் விடவில்லை. 1998 ஜனவரியில், அமைதி ஒப்பந்தத்துக்குச் சில வாரங்கள் முன்பு, பிரதமர் டோனி பிளேர் புதிய விசாரணையை அறிவித்தார். சாவில் பிரபு தலைமையில் மூன்று நாட்டு நீதிபதிகள் உட்கார்ந்தார்கள். 900-க்கும் மேற்பட்டோர் நேரில் சாட்சி சொன்னார்கள். பன்னிரண்டு ஆண்டு எடுத்தது. செலவு 19 கோடி பவுண்டைத் தாண்டியது. இவ்வளவு காலமா, இவ்வளவு பணமா என்று பிரிட்டனில் கடும் விமர்சனம் எழுந்தது. முதல் விசாரணை நேர்மையாக நடந்திருந்தால் இந்தச் செலவே தேவைப்பட்டிருக்காது என்பதை அந்த விமர்சகர்கள் பலர் சொல்லவில்லை.

2010 ஜூன் 15 அன்று பத்துத் தொகுதிகளாக அறிக்கை வெளியானது. சுடப்பட்ட எவரும் படைவீரர்களுக்கு உயிராபத்து விளைவிக்கவில்லை. சுடுமுன் எச்சரிக்கை தரவில்லை. பாக்சைடுக்குள் ஊர்வலத்தினரைத் துரத்திக்கொண்டு போகக் கூடாது என்ற மேலிட உத்தரவைப் பட்டாலியனின் தலைமை அதிகாரி மீறினார். படைவீரர்கள் பலர் தெரிந்தே பொய் சொன்னார்கள் என்று அது முடிவு செய்தது. ஐஆர்ஏ-வினரும் சில முறை சுட்டதையும் அறிக்கை மறைக்கவில்லை. ஆனால் பொதுமக்களைச் சுட்டதற்கு அது நியாயமாகாது என்றது. அன்று பிற்பகல் மக்களவையில் பிரதமர் டேவிட் கேமரூன் நடந்தது நியாயமற்றது, நியாயப்படுத்தவே முடியாதது என்று சொல்லி, நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். 1972-இல் ஊர்வலம் போய்ச்சேர விடாமல் தடுத்த அதே நகரமன்றத்தின் முன்னால் ஆயிரக்கணக்கானோர் பெரிய திரையில் அதைக் கேட்டார்கள். விட்ஜரி அறிக்கையைக் கிழித்தெறிந்தார்கள்.

உண்மை வெளிவந்தது, தண்டனை வரவில்லை. ‘படைவீரர் எஃப்’ என்று மட்டும் அடையாளம் காட்டப்பட்ட ஒருவர்மேல் 2019-இல் இரண்டு கொலை வழக்குகளும் கொலை முயற்சி வழக்குகளும் பதிவாகின. 2021-இல் அரசுத்தரப்பு வழக்கைக் கைவிட்டது. மறு ஆண்டு நீதிமன்றம் அந்த முடிவை ரத்து செய்தது. இடையில் 2023-இல் நாடாளுமன்றம், மோதல் காலக் குற்றங்களுக்கு நிபந்தனையோடு பாதுகாப்பு அளிக்கும் சட்டம் கொண்டுவந்தது. அந்தப் பாதுகாப்பு மனித உரிமைச் சட்டத்துக்கு முரணானது என்று பெல்ஃபாஸ்ட் உயர் நீதிமன்றம் 2024-இல் தீர்ப்பளித்தது. படைவீரர் எஃப் மீதான விசாரணை 2025-இல் பெல்ஃபாஸ்டில் நடந்தது. சக வீரர்கள் 1972-இல் கொடுத்த வாக்குமூலங்களே முக்கியச் சான்று. அவற்றைக் குறுக்கு விசாரணையில் சோதிக்க வழியில்லாத நிலையில் குற்றம் நிரூபணமாகவில்லை என்று நீதிபதி அக்டோபர் 23 அன்று அவரை விடுதலை செய்தார். படைவீரர்கள் ராணுவ ஒழுங்கை முற்றிலும் இழந்து நடந்துகொண்டார்கள் என்பதையும் அதே தீர்ப்பில் எழுதினார். பாக்சைடில் நடந்த கொலைகளுக்காக விசாரணைக் கூண்டில் நின்ற ஒரே படைவீரர் அவர்தான்.